சோத்துக்கைப் பக்கம்

பஞ்சாலைக்கு வீட்டைக் காலி செய்வது பெரிய வேலையாக இல்லை. காலி செய்ய அந்த வீட்டில் என்ன இருந்தது? ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், சட்டி பானை, தூக்க முடியாத ஓர் அம்மி, அப்புறம் புருஷன் மாயாண்டி விட்டுப்போன பால் வெட்டும் உளி. மலாயாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீடு அது. அடுப்பில் தண்ணீரைத் தெளித்துவிட்டு நடையைக் கட்டினால் ஆயிற்று. பாடெல்லாம் ஆறு வயது நீலாவதியைக் கிளப்புவதில்தான் இருந்தது.

"நான் வரலே. அப்பா வந்து தேடுவாரு" என்று சொல்லிவிட்டு அவள் கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மாயாண்டி சயாமுக்குப் போயிருந்தான். போயிருந்தான் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கிறோம் என்று நிற்கவைத்து, நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனான் ஜப்பான்காரன். ரயில் ரஸ்தா போடும் வேலை, மூன்றே மாதம், குடும்பத்துக்கு அரிசி தருவோம் என்றார்கள். அரிசி இரண்டு தடவை வந்தது. பிறகு அரிசியும் வரவில்லை, ஆளும் வரவில்லை, போய்க் கேட்டால் பதில் சொல்லவும் நாதியில்லை. வெள்ளைக்காரத் துரை சண்டை நெருங்கியதுமே ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பால் வெட்டு நின்றுபோய், மரங்கள் நிரை நிரையாகச் சும்மா நின்றன. இப்போது லயத்தையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளி போடப் போகிறார்கள் என்று உத்தரவு வந்திருந்தது.

போக்கிடம் ஒன்றுதான். பஞ்சாலையின் தம்பி அர்ச்சுனன் போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தான். அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தால், உப்புக்குக் கிழங்கு கிடைக்கும். சாமான் ஏற்றிக்கொண்டு போக அவனே சைக்கிளோடு வந்திருந்தான். டயர் கிடைக்காத காலம். தண்ணீர்க் குழாய் ரப்பரை அறுத்துச் சக்கரத்தில் சுற்றியிருந்தான். ஏறி மிதித்தால் எலும்பெல்லாம் கழன்றுவிடும். அதனால் அப்படிப்பட்ட சைக்கிளை அந்நாளில் எல்லாரும் தள்ளிக்கொண்டேதான் போனார்கள்.

"என்னக்கா, இந்தச் சின்னக் குட்டிக்குப் பயந்துகிட்டு நிக்கிறே? ரெண்டு போட்டு இழுத்துட்டு வாக்கா" என்றான் அர்ச்சுனன்.

இரண்டு போடப் பஞ்சாலை கை கூசுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்குக் கை எழவில்லை. பிள்ளை சொன்னது அவள் தனக்குள்ளேயே புதைத்து வைத்திருந்த கேள்வி. அவர் வந்தால் எங்கே வருவார்? இந்தப் படிக்குத்தான் வருவார். வந்து பார்த்தால் படியும் இருக்காது, லயமும் இருக்காது, கிழங்குக் கொல்லைதான் இருக்கும். பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடம் சொல்லி வைக்கலாமென்றால் அவள் நேற்றே கெமாஸில் இருக்கும் மகளிடம் மூட்டை கட்டிவிட்டாள். எழுதி வைக்கலாமென்றால் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. எழுதினாலும் மாயாண்டிக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

எழுத்துத் தெரியாதே தவிர, மரம் தெரியும். மரத்தைக் காயம் பண்ணக் கூடாது என்பதுதான் பால்வெட்டுக்காரனுக்கு முதல் பாடம். பட்டையைத் தாண்டி உளி மரத்தில் இறங்கினால் அந்த இடம் புடைத்துக்கொண்டு, எத்தனை வருஷமானாலும் ஆறாமல் முண்டு முண்டாக நிற்கும். யாராவது அப்படிச் செய்துவிட்டால் மாயாண்டிக்குத் தன் காலிலேயே உளி பட்டது மாதிரி. நிரைக்குள் நடக்கும்போது எங்கோ நாலு மரம் தள்ளி நிற்கும் காயத்தைக்கூட அவன் கண் பிடித்துவிடும். பிடித்ததும் வெட்டினவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

பஞ்சாலை மகள் பக்கத்தில் குந்தினாள்.

"ஏண்டி நீலா, நாம மாமா வீட்டுக்குப் போனது அப்பாவுக்குத் தெரியணுமா வேணாமா?"

"தெரியணும்."

"அப்ப யாரு சொல்றது? எனக்குத் தலை நெறைய சுமை. மாமாவுக்குச் சைக்கிளு. கை சும்மா இருக்கிறவ நீதான். வழி நெடுக மரத்துல நீ வெட்டி வச்சுட்டே வந்தீன்னா, அப்பா அதைப் பார்த்துட்டே வந்துருவாரு."

நீலாவதி நிலையை விட்டாள். "நானா வெட்டணும்? அப்பா உளியிலயா?"

"அப்பா உளியிலதான்."

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. எதைக் கொண்டுபோகலாம், எதை விடலாம் என்று பஞ்சாலை அவளிடமே கேட்டாள். கனமாக இருக்கிறது ஆனால் அங்கேயும் கிடைக்கும் என்றால் விடு, லேசாக இருக்கிறது ஆனால் அங்கே கிடைக்காது என்றால் எடு. இந்தக் கணக்கு நீலாவதிக்குப் பிடித்துப்போயிற்று. அம்மி கனம், கல் அங்கேயும் இருக்கும், விட்டுவிடலாம். தேங்காய்ச் சிரட்டை அங்கேயும் இருக்கும். அப்பாவின் தலைத்துண்டு லேசு, அங்கே கிடைக்காது. அதை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பஞ்சாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு பானைக்குள் பானையை அடுக்கினாள்.

வழி சொல்ல வேண்டுமென்றால் இடம் வலம் தெரிய வேண்டுமே. தோட்டத்தில் யார் இடம் வலம் என்று சொன்னார்கள்? சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், அவ்வளவுதான். அங்கேதான் இந்தப் பெண்ணிடம் ஒரு சிக்கல் இருந்தது. நீலாவதிக்கு எல்லாமே பீச்சாங்கையில் வந்தது. கல் எறிவதும் அந்தக் கைதான், சாப்பிட நீளுவதும் அந்தக் கைதான். பெண்பிள்ளை இப்படித் தின்றால் நாளைக்குப் போகிற வீட்டில் என்னைத்தானே கேட்பார்கள் என்று பஞ்சாலை அந்தக் கையைத் துணியால் கட்டிப் பார்த்தாள், சூடு போடுவேன் என்று மிரட்டிப் பார்த்தாள். மாயாண்டி வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவான். "எந்தக் கை வாய்க்குப் போகுதோ அதாம் புள்ள சோத்துக்கை" என்பான். அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டு சிரிப்பார்கள். கடைசியில் நீலாவதி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அம்மா பார்க்கும்போது ஒரு கை, பார்க்காதபோது ஒரு கை.

"சோத்துக்கை எது, தூக்கு பார்ப்போம்" என்றாள் பஞ்சாலை.

நீலாவதி இரண்டு கையையும் பார்த்தாள். "சோறே இல்லியேம்மா. நாம கெழங்குதானே திங்கிறோம்?"

அர்ச்சுனன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தான். பஞ்சாலைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நியாயமான கேள்வி. பிள்ளை சோற்றைக் கண்ணால் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரிடி, கெழங்குக் கைன்னே வச்சுக்க. எந்தக் கையில திம்பே? தூக்கு."

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நீலாவதி வலது கையைத் தூக்கினாள்.

லயத்துக்குப் பின்னால், பாதை பிரியும் இடத்தில் முதல் மரம். பஞ்சாலை சுமையை இறக்கிவைத்துவிட்டு, மகளின் வலது கையில் உளியைக் கொடுத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பட்டை கிழிந்தது. வெகு நாளாக வெட்டுப்படாத மரம். காத்துக்கொண்டிருந்தது போல் பால் சுரந்து, கோட்டின் சரிவில் ஓடிக் கீழே சொட்டியது.

"பாத்துக்க. பாலு எந்தப் பக்கம் ஓடுதோ, அந்தப் பக்கந்தான் நாம போனோம்னு அர்த்தம். சோத்துக்கைப் பக்கம் திரும்பினா சோத்துக்கைப் பக்கம் சாய்ச்சு வெட்டணும். பீச்சாங்கைப் பக்கம்னா அந்தாண்ட சாய்ச்சு. நேராப் போனா வெட்ட வேணாம்."

"இன்னும் ஆழமா இறக்கும்மா" என்றாள் நீலாவதி. "அப்பாவுக்குக் கோபம் வரணும்ல?"

அர்ச்சுனன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யக்கா, மரத்தைக் காயம் பண்றீங்களே, வேலை மேய்க்கிற மண்டோர் பார்த்தா தோலை உரிச்சிருவான்."

"எந்த மண்டோரு? இருந்தா வரச் சொல்லு, என் புருஷன் எங்கேன்னு அவனையே கேக்குறேன்."

அர்ச்சுனன் சைக்கிளைத் தள்ளினான்.

அப்படியே ஒவ்வொரு பிரிவிலும் நின்றார்கள். சுமையை இறக்குவாள், மகளின் கை மேல் கை வைப்பாள், வெட்டுவார்கள், பால் ஓடுவதைப் பார்ப்பார்கள், மறுபடி நடப்பார்கள். நீலாவதி திரும்புவதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிட்டாள். "இது எந்தப் பக்கம்மா?" வெயில் முன்னால் விழுந்தால் எந்தத் திசை, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது, மலாய்க்காரர் கிராமமான கம்பத்துத் தென்னை எங்கே தெரிகிறது என்று வழியிலிருந்த எல்லாவற்றையும் பஞ்சாலை அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த நாளில் அந்தப் பாதைதான் பள்ளிக்கூடம். வாத்திச்சியின் தலையில் பானை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அர்ச்சுனனும் தன் பங்குக்கு ஒரு பாடம் நடத்தினான். ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் காவல் நிற்பான். குனிந்து கும்பிட வேண்டும். பிள்ளைகள் ஜப்பான் எண் சொன்னால் அவனுக்குக் குளிர்ந்துபோகும், பெட்டியைக் குடைய மாட்டான்.

"சொல்லு. இச்சி, நீ, சான், சி, கோ."

நீலாவதி சொல்லவில்லை. யோசித்தாள். "மாமா, பெரியவங்ககிட்டே நீன்னு சொல்லலாமா?"

"அட, அது ரெண்டும்மா. நம்ம நீ இல்லே."

"சிப்பாயி பெரியவருதானே?"

"பெரியவரு. துப்பாக்கி வச்சிருக்கிற பெரியவரு. நீ பாட்டுக்குச் சொல்லு."

பாலம் வந்தது. சிப்பாய் தாடையைத் தூக்கிப் பார்த்தான். மூன்று பேரும் இடுப்பை மடக்கிக் குனிந்தார்கள். லாரியில் மாயாண்டியை ஏற்றினவனும் இதே தொப்பிதான் போட்டிருந்தான். அர்ச்சுனன் பிள்ளையின் முதுகில் மெல்லத் தட்டினான். நீலாவதி நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னாள்.

"இச்சி, நீங்க, சான், சி, கோ!"

சிப்பாய் புருவத்தைச் சுருக்கினான். மறுபடி சொல்லச் சொல்லிச் சைகை காட்டினான். அவள் இன்னும் மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க" என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, விரலை நீட்டி, "நி, நி" என்று திருத்தினான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பெரியவரை அப்படிக் கூப்பிட மாட்டேன் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவனும் சின்னப் பையன்தான், இருபது வயது இருந்தால் அதிகம். சட்டென்று சிரித்துவிட்டுப் போகச் சொல்லிக் கையை வீசினான். தன்னையும் மறந்து பஞ்சாலை அவனைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டாள். அதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. பாலம் தாண்டியதும் மகளை இழுத்து அணைத்து முத்தமிட்டாள். சொல்லிக் கொடுத்ததை இப்படிச் சொன்னபடியே பிடித்துக்கொள்கிற பிள்ளை எங்கே கிடைக்கும் என்று பூரித்துப்போனாள்.

பாலத்துக்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டது. சின்ன மழையில்லை. பாதை கால்வாயாகி, செம்மண் குழம்பில் சைக்கிள் புதைந்தது. தகரப் பெட்டி சரிந்து விழப்போனது. பஞ்சாலை ஒரு கையால் தலைச்சுமையையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். அப்போதுதான் கடைசிப் பிரிவு வந்தது. வலப்பக்கம் போனால் போர்டிக்சன். இடப்பக்கம் போனால் லிங்கி ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பு. அங்கே மனுஷர் வாசமே கிடையாது. முதலை இருக்கிறது என்பார்கள்.

"யக்கா, நிக்காதே! நின்னா வண்டி எந்திரிக்காது!" என்று கத்தினான் அர்ச்சுனன்.

பஞ்சாலை திரும்பாமலே, மழைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள். "நீலா, சோத்துக்கைப் பக்கம்டி! நீயே வெட்டிட்டு ஓடியா!"

சைக்கிள் மேடேறி நிற்கும்போது நீலாவதி உளியோடு ஓடி வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் மழை, உதடெல்லாம் சிரிப்பு. "நானே வெட்டிட்டேம்மா. தனியா!"

"எங்க ராசாத்தி" என்றாள் பஞ்சாலை. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

கடல் தெரிந்தபோது மழை விட்டிருந்தது. நீலாவதி அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. "இதுக்கு அந்தாண்ட கரை எங்கேம்மா?" என்று கேட்டாள். பஞ்சாலைக்கும் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள்.

அர்ச்சுனன் பெண்சாதி லெட்சுமி நல்லவள். நாத்தனார் வருகிறாள் என்று எங்கோ உப்பைக் கொடுத்து இரண்டு கை அரிசி வாங்கி வைத்திருந்தாள். கஞ்சியில்லை, சோறு. ஆவி பறந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலாவதிக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அம்மா பார்க்கிறாள் என்பதும் மறந்துபோயிற்று. இடது கையால் அள்ளினாள்.

"அடியே! சோத்துக்கையால தின்னுடி, அத்தை என்ன நெனைப்பாங்க."

வாய் நிறையச் சோற்றோடு நீலாவதி சிரித்தாள். "சோறு இந்தக் கையிலதானேம்மா இருக்கு? இதாம்மா சோத்துக்கை. அப்பாவும் சொல்லியிருக்காரு."

பஞ்சாலை கையிலிருந்த உருண்டை தட்டிலேயே விழுந்தது.

"நீலா... அந்த மழையில வெட்டினியே, எந்தப் பக்கம் சாய்ச்சு வெட்டினே?"

"சோத்துக்கைப் பக்கம். நீதானே சொன்னே?" அவள் பெருமையோடு இடது கையை நீட்டிக் காட்டினாள். விரல்களில் பருக்கை ஒட்டியிருந்தது.

பஞ்சாலைக்கு உலகமே இடிந்து விழுந்தது. மற்ற எல்லா மரமும் சரி. அந்தக் கடைசி மரம் ஒன்றுதான் தப்பு. ஆனால் கடைசி மரம் தப்பென்றால் எல்லாமே தப்பு. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வருகிற மனுஷன் மகளின் வெட்டை நம்பிச் சதுப்புக்குள் இறங்குவான். இரண்டு கன்னத்திலும் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரே பிள்ளை இருந்தது. இன்று முழுக்க அவள் செய்த வேலை, நடந்த நடை, மழையில் தனியாக வெட்டியது எல்லாம் அந்தச் சின்ன முகத்தில் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அதை எப்படி ஊதி அணைப்பது?

"நல்லா வெட்டினே. தின்னு" என்றாள். தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளினாள்.

விடிந்ததும் ஒருவரிடமும் சொல்லாமல் உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதி வழிகூடப் போகவில்லை. காட்டுக்குள் ஒளிந்து ஜப்பான்காரனோடு சண்டை போடும் காட்டுக்காரர்கள் யாரையோ சுட்டுவிட்டார்களாம், ரஸ்தாவில் முள்கம்பி இழுத்து இராணுவம் நின்றது. உளியைப் பார்த்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு ஒருவன் அறைந்த அறையில் காது அடைத்துப்போயிற்று. இவன் அந்தப் பாலத்துச் சிப்பாய் இல்லை. தேடிக்கொண்டு வந்த அர்ச்சுனன் முள்செடிக்குள் கிடந்த உளியைப் பொறுக்கிக்கொண்டு அக்காளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான்.

"உசுரு இருந்தாத்தானேக்கா மச்சான் வந்தா பார்க்க முடியும்? இனிமே அந்தப் பக்கம் போகாதே."

பிறகு உப்புக் காய்ச்சும் நாட்கள். புகையில் கண் எரியும், கை வெடிக்கும். சாயங்காலமானால் நீலாவதி ரஸ்தாவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். "அப்பா இப்ப ரெண்டாவது மரத்துக்கிட்டே வந்திருப்பாரு, இல்லேம்மா? திட்டிட்டே வருவாரு." மறுநாளும் அதையே சொல்வாள். பஞ்சாலை ஆமாம் என்பாள். ஒவ்வோர் ஆமாமும் அவளுக்கு உப்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. பீச்சாங்கைக்காரிக்குச் சோத்துக்கைப் பக்கம் என்று சொன்னது யார்? நான். திரும்பிப் பார்க்காமல் போனது யார்? நான். பிள்ளை தலையில் இதைப் போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வந்தது அப்படியே உள்ளே போய்விடும்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான். முள்கம்பியையும் எடுத்துவிட்டார்கள். பஞ்சாலை அந்தப் பிரிவுக்கு ஓடினாள். லாலான் புல் இடுப்பளவு மண்டியிருந்தது. முள்கம்பிக்கு வழிவிட்டுப் புதுப் பாதைகள் வேறு கிழித்திருந்தார்கள். எது பிரிவு, எது மரம்? அன்று அவள் திரும்பிப் பார்த்திருந்தாலல்லவா தெரியும். கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள் என்று பாசார்ச் சந்தையில் பேச்சு அடிபட்டது. போனவர்களில் பாதிகூட இல்லை என்றும் சொன்னார்கள். இனிமேல் ஒரு நாளும் தள்ள முடியாது. மறுநாள் காலையில் கிழங்கு அவித்து இலையில் கட்டிக்கொண்டு, உளியையும் எடுத்துக்கொண்டு, மகளைக் கூப்பிட்டாள். நீலாவதிக்கு இப்போது எட்டு வயது.

"வாடி, மழையில நீ வெட்டின மரத்தைப் பார்த்துட்டு வரலாம். இடம் ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. பக்கத்துல கரையான் புத்து. எதுக்கும்மா?"

"வழியில சொல்றேன்."

வழியில் சொல்லத் தொடங்கினாள். "அன்னிக்கு அம்மா ஒண்ணு தப்பா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். அப்போது எதிரே, ரஸ்தா ஓரத்து மரத்தடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. கையில் கம்பு. கன்னம் ஒட்டி, தலைமுடி கொட்டி, வயதே சொல்ல முடியாத ஆள். நீலாவதி பயந்து அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். உளியைப் பார்த்தான். பிறகு பஞ்சாலையைப் பார்த்தான்.

"ஏ புள்ள, யாரு மரத்தைக் காயம் பண்ணக் கெளம்பிட்டே?" என்றான்.

பஞ்சாலைக்கு அழுகை வெடித்தது. ரஸ்தா என்றும் பார்க்கவில்லை, புழுதி என்றும் பார்க்கவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் முகத்தை, கழுத்தை, தோளைத் தடவித் தடவி அழுதாள். நீலாவதிக்கு அந்தக் குரல்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. இடுப்பில் கட்டியிருந்த பழைய தலைத்துண்டை அவிழ்த்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எடுக்கவேயில்லை.

"லயம் இருந்த எடத்துல கெழங்குக் கொல்லை" என்று கடைசியில் சொன்னான். "செத்துப்போயிட்டீங்கன்னே நெனைச்சுட்டேன். திரும்பிப் போகலாம்னு பார்த்தா, பின்னால ஒரு மரத்துல இம்மாம் பெரிய முண்டு. எந்தப் பாவி இப்படிக் குதறினான்னு வஞ்சுகிட்டே கிட்டப் போனேன். முழங்கால் ஒசரத்துக்குக் கொஞ்சம் மேலே. எந்த வெட்டுக்காரன் அவ்வளவு கீழே வெட்டுவான்? அடுத்த பிரிவுலயும் ஒண்ணு. அப்பதான் புரிஞ்சுது. அங்கேயே உக்காந்து அழுதேன்."

"அப்பாவுக்குக் கோபம் வந்துச்சா?" என்று கேட்டாள் நீலாவதி.

"வந்துச்சா? நல்லா வந்துச்சு."

பஞ்சாலையால் பொறுக்க முடியவில்லை. "புத்துக்கிட்டே அந்தப் பிரிவுல... அது பீச்சாங்கைப் பக்கம்ல சாஞ்சிருக்கும்? எப்படி நீங்க இந்தப் பக்கம் வந்தீங்க?"

"சாஞ்சுதான் இருந்துச்சு. கொஞ்ச தூரம் அந்தப் பக்கமே நடந்தேன். அப்புறம் மனசு கேக்கலே, திரும்பி வந்து தடவிப் பார்த்தேன். மத்த மரமெல்லாம் ரெண்டு கை அழுத்தம். நீ அவ கையைப் புடிச்சிருக்கே. இது மட்டும் ஒத்தைக் கை. சின்னக் கை. இழுத்திருக்கிறது பீச்சாங்கை இழுப்பு. அப்ப நீ பக்கத்துல இல்லே, வாயால சொல்லிட்டுப் போயிட்டே. நீ என்ன சொல்லியிருப்பே? சோத்துக்கைப் பக்கம்னு சொல்லியிருப்பே." அவன் மகளைப் பார்த்தான். "அம்மா பார்க்காதப்ப எம் புள்ளைக்கு எது சோத்துக்கைன்னு எனக்குத் தெரியாதா?"

நீலாவதி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் மெல்ல விளங்கியது. "அப்ப நான் தப்பா வெட்டிட்டேனாப்பா?"

"நீ சரியாத்தான் வெட்டினே. உங்கம்மாதான் கை மாத்திச் சொல்லிட்டா."

"ஆமாண்டி" என்றாள் பஞ்சாலை. "நான்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இலைக்கட்டைப் பிரித்தாள். கிழங்கு இன்னும் சூடாக இருந்தது. புருஷனுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, மகளுக்கு ஒரு துண்டை நீட்டினாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் நீலாவதி வழக்கம்போல வலது கையை நீட்டினாள்.

பஞ்சாலை கிழங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கையில இல்லேம்மா" என்றாள். "சோத்துக்கையில வாங்கு."